பேனா நின்றது, மழை நிற்கவில்லை

பேனா மேலே ஏறிக்கொண்டிருந்தது. காகிதத்தின் உச்சியைத் தொட்டதும் சடக்கென்று அடிக்கோட்டுக்கு விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் ஏறத் தொடங்கியது.

கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கொல்லைச் சுவரோரம் நின்ற தகரப் பெட்டியின் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண மழை நாளில் அந்தப் பேனா ஒரு தடவை உச்சிக்குப் போக அரை நாள் பிடிக்கும். சில நாள் போகவே போகாது. அன்று அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தேன்; உலை கொதிப்பதற்குள் ஒரு தடவை விழுந்தது. சோறு வடிப்பதற்குள் இன்னொரு தடவை.



செஞ்சிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இது அதற்குச் சில வருஷம் கழித்து நடந்தது. அறுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசிக் கடைசி. என் வீட்டுக்காரர் மல்லாட்டை வியாபாரி; நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கடை பஜாரில் இருந்தது. கிடங்கும் களமும் ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்குக் கீழே. கிடங்கில் பெண்கள் உட்கார்ந்து பருப்பைப் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். அன்றைக்கும் இருபது பேருக்கு மேல் வேலைக்கு வந்திருந்தார்கள். அவர் முதல் பஸ்ஸில் அனந்தபுரத்துக்குச் சரக்குப் பார்க்கப் போயிருந்தார்.

ஏரி முந்தின வாரமே நிரம்பிவிட்டது. கிடங்குக்கு நேர் மேலே கரை ஓரிடத்தில் உள்வாங்கியிருந்ததால், பனந்துண்டுகளும் மண்மூட்டைகளும் போட்டு ஊர்க்காரர்கள் அடைத்து வைத்திருந்தார்கள். இன்னொரு பெருமழையை அந்த அடைப்பு தாங்குமா என்றுதான் பஜாரில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக் கட்சி, பேனாக் கட்சி

எங்கள் வீட்டில் மழைமானி இரண்டு இருந்தன. ஒரு வீட்டுக்கு இரண்டு எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது.

முதலாவது என் வீட்டுக்காரருடையது. கல்யாணத்துக்கு முன்பே, தாலுக்கா அலுவலகத்துத் தோட்டத்தில் இருந்ததைப் பார்த்துவந்து, பாத்திரம் செய்யும் கன்னாரிடம் சொல்லிச் செய்துகொண்டது. ஒரு புனல், அதற்கடியில் ஒரு பாட்டில், இரண்டையும் சுற்றி ஒரு செப்புப் பானை. தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலில் இருப்பதை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்து ஒரு பங்கை ஒரு சென்ட் என்பார்கள். “முதலாளி, ராத்திரி எத்தினி சென்ட்டு?” என்று கேட்டுக்கொண்டே குடியானவர்கள் கடைக்குள் வருவார்கள். அந்தக் கேள்வியில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

இரண்டாவது என்னுடையது. மதராஸில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த என் அண்ணன், யாரோ கழித்துப் போட்ட தானியங்கி மழைமானியை வாங்கிச் சீர்செய்து, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு மிதவை. மழைநீர் சேரச் சேர மிதவை உயரும், அதோடு பேனாவும் உயரும். ஒரு கடிகாரம் காகிதம் சுற்றிய உருளையை மெல்லத் திருப்பும். பத்து மில்லிமீட்டர் சேர்ந்ததும் வளைந்த குழாய் ஒன்று அவ்வளவு தண்ணீரையும் இழுத்து வெளியே கொட்டிவிடும், பேனா அடிக்கு விழும். மழை வலுத்தால் கோடு செங்குத்து. தூறினால் படுத்த சரிவு. மழை இல்லையென்றால் நேர்க்கோடு.

நான் கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தியவள். அந்தக் கோட்டின்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றிப் பார்த்தால், பெருமழை நாளில் என் பேனா எப்போதும் கொஞ்சம் குறைத்தே சொல்லும். குழாய் தண்ணீரை இழுத்துக் கொட்டும் நேரத்தில் விழும் மழை கணக்கில் வராமல் போய்விடும் என்று அண்ணன் விளக்கினார். என் வீட்டுக்காரருக்கு அது போதும். “கண்ணாடியில ஊத்திப் பாத்தா அது மழையோட கணக்கு. இது பேனாவோட கணக்கு” என்பார்.

கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்தால் போச்சு. மை காய்ந்தால் போச்சு. எறும்பு வந்தால் போச்சு. கண்ணாடிக்கு இந்தத் தொந்தரவு எதுவும் இல்லை.

ஆனால் ஒரு சித்திரைக் கோடைமழையை நான் மறக்கவில்லை. மறுநாள் காலை அவர் அளந்துவிட்டு, நல்ல உழவு மழை, ஏர் பூட்டலாம் என்று கடையில் சொல்லிவிட்டார். தளவானூரிலிருந்து வந்த ஒரு குடியானவர், தன் நிலத்தில் ஒரு சாண் தோண்டினால் காய்ந்த மண்தான் இருக்கிறது என்று சாதித்தார். வாக்குவாதம் வீடு வரைக்கும் வந்தது. நான் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினேன். அத்தனை மழையும் கால்மணி நேரத்தில் கொட்டித் தீர்ந்திருந்தது. மண் குடிக்க நேரமில்லை. எல்லாம் ஓடிப் போய்விட்டது. எவ்வளவு என்பதைக் கண்ணாடி சொன்னது. எப்படி என்பதை அதனால் சொல்ல முடியவில்லை.

 அதற்கப்புறம், நான் சமையலறையில் இருக்கும்போது, என் வீட்டுக்காரர் குனிந்து என் பெட்டிக்குள் பார்ப்பதை இரண்டொரு தடவை கவனித்திருக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் கொல்லையின் நடுவில் இருந்த நல்ல இடத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. என் பெட்டி வேப்பமரத்தை ஒட்டிச் சுவரோரமாகத்தான் நின்றது.

படுத்துவிட்ட கோடு

அன்றைக்கு வருகிறேன்.

சோறு வடித்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தபோது பேனா நின்றிருந்தது. உச்சியிலும் இல்லை, அடியிலும் இல்லை. நடுவில், கோடு தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெட்டியை நம்பினால் மழை விட்டுவிட்டது.

மழை என் முதுகில் அறைந்துகொண்டிருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், பெருமழைக்குள் நிற்கிறவருக்கு அது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று தெரியாது. ஓட்டுமேல் விழும் சத்தம் எல்லாம் ஒரே சத்தம்தான். கொஞ்சம் தணிந்திருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் நானும் நினைத்தேன். நினைக்க ஆசையாக இருந்தது. தணிந்திருந்தால் நான் வீட்டுக்குள் போய்விடலாம்.

போகவில்லை. கொல்லையின் நடுவுக்குப் போய் அவருடைய புனலைத் தூக்கினேன். பாட்டில் நிரம்பி வழிந்து செப்புப் பானையிலும் தண்ணீர் நின்றது. காலையில் நான் அளந்து கொட்டிய பாட்டில் அது. வீட்டிலிருந்து குடையை எடுத்துவந்து கழுத்தில் இடுக்கிக்கொண்டு அளவுக் கண்ணாடியில் ஊற்றி ஊற்றிக் கொட்டினேன். எண்ணிக்கை தவறக்கூடாதென்று ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு கூழாங்கல்லைத் துளசி மாடத்தில் வைத்தேன். ஒரு மாதத்து மழை அந்த ஒரு முற்பகலில் விழுந்திருந்தது.

மொத்தம் தெரிந்துவிட்டது. இந்த நிமிஷம் என்ன என்பது தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டிய பேனா படுத்துவிட்டது.

பாட்டிலைக் காலியாக வைத்துப் புனலைப் பொருத்தினேன். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிலைப்படியில் நின்றேன். அந்தச் சில நிமிஷங்களைப்போல நீளமான நிமிஷங்களை நான் பிரசவ அறையிலும் கண்டதில்லை. திரும்பப் போய் அளந்தேன். நிற்பதற்கு முன் பேனா காட்டிய வேகத்தைவிட இப்போது வேகம் அதிகம்.

கோணிப்பையோடு கிடங்கை நோக்கி ஓடினேன். முதலாளி வீட்டுப் பெண் பஜார் வழியாகத் தலைவிரி கோலமாக ஓடுவதைக் கடைக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று ஓடினேன்.

கிடங்கில்

கிடங்குக்குப் போக ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். ஏரியின் கலிங்கலிலிருந்து வழியும் உபரி நீர் அதில்தான் வரும். குறுக்கே ஒரு தரைப்பாலம். நான் போகும்போது தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இருந்தது.

கிடங்குக்குள் விளக்கேற்றி வைத்துப் பெண்கள் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அஞ்சலை என்ற பெண்ணின் கைக்குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை அங்கிருந்து தெரியாது, மழைத்திரை மறைத்திருந்தது.

மேஸ்திரி முனுசாமிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். எல்லாரையும் உடனே ஊருக்குள் கூட்டிப் போக வேண்டும் என்று சொன்னேன்.

“இன்னாம்மா, முதலாளி சொன்னாரா?” என்றார்.

அவர் ஊரில் இல்லை என்றேன். மழை எவ்வளவு விழுந்திருக்கிறது, இன்னும் எப்படி விழுகிறது என்று சொன்னேன். அடைப்பு நிற்காது என்றேன். முனுசாமி மூட்டைகளைப் பார்த்தார். கூரை இரண்டு மூன்று இடத்தில் ஒழுகத் தொடங்கியிருந்தது. ஆள் எல்லாரையும் அனுப்பிவிட்டால் மூட்டைகளை யார் நகர்த்துவது, சரக்கு நனைந்து பூஞ்சை பிடித்தால் யார் பதில் சொல்வது என்பது அவருடைய கேள்வி. அது நியாயமான கேள்விதான்.

“நான் சொல்றேன் பதில்” என்றேன். “சரக்கு போனா போகட்டும்.”

அஞ்சலைதான் முதலில் எழுந்தாள். தூளியை அவிழ்த்துக் குழந்தையை எடுத்துக்கொண்டாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். மூட்டைகள்மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வருவதாக முனுசாமி சொன்னார். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வரச்சொன்னேன். கேட்கவில்லை.

ஓடை

திரும்பும்போது தரைப்பாலத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. பாலத்தின் ஓரம் எது, ஓடை எது என்று தெரியவில்லை. குழந்தையைப் பருப்புக் கூடையில் வைத்து அஞ்சலை தலையில் தூக்கிக்கொண்டாள். ஒருத்தி முந்தானையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கினோம். நான் நடுவில் இருந்தேன். நடுப்பாலத்தில் எனக்கு முன்னால் போனவளின் கால் வழுக்கியது. நாலு கை சேர்ந்து அவளை இழுத்து நிறுத்தியது. யாரும் கத்தவில்லை. கத்தினால் பிடி தளர்ந்துவிடும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசிப் பெண் கரையேறி, முதல் வீட்டுத் தாழ்வாரத்தை நாங்கள் எட்டியிருப்போம். மேற்கே லாரியில் கருங்கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நீளமான சத்தம்.

கரை உடைந்துவிட்டது.

ஆனால் நாங்கள் பயந்த இடத்தில் உடையவில்லை. பனந்துண்டு அடைப்பு அப்படியே நின்றது. அதற்கு வெகுதூரம் தள்ளி, கலிங்கலை ஒட்டி உடைந்து, ஏரித் தண்ணீர் முழுக்க ஓடைக்குள் இறங்கியது. நாங்கள் அப்போதுதான் தாண்டி வந்த ஓடைக்குள். கோரையும் வேலிமுள்ளும் சுருட்டிக்கொண்டு செம்மண் தண்ணீர் ஆள் உயரத்துக்கு வந்தது. தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை.

அந்தப் பக்கம் முனுசாமி வந்துகொண்டிருந்தார். கிடங்குச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருந்தார். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தியதை நான் பார்த்தேன். அடுத்த கணம் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் இருந்தது.

வடக்கயிறு

கொஞ்சம் கீழே ஓடையோரம் ஒரு புளியமரம் உண்டு. தண்ணீர் அவரை அதன்மேல் கொண்டுபோய் மோதியது. தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே தண்ணீர் இழுத்துக்கொண்டே இருந்தது. ஏற முடியவில்லை, ஒரு கால் விழுந்துவிட்டதுபோல் தொங்கியது.

ஊர் திரண்டுவிட்டது. யாராலும் இறங்க முடியவில்லை. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கிற வடக்கயிறு இரண்டைக் கொண்டுவந்து முடிந்து, கல் கட்டி வீசினார்கள். வீசிய கயிற்றையெல்லாம் தண்ணீர் அடித்துப் போயிற்று. மழை இன்னும் விடவில்லை. மரம் ஆடிக்கொண்டிருந்தது. முனுசாமியின் மனைவி வந்து என் பக்கத்தில் நின்றாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பஜார்க்காரர் ஒருவர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது. கிடங்கு ஓடையைவிட மேட்டில் இருக்கிறது, தண்ணீர் அதன் வாசற்படியைக்கூடத் தொடவில்லை, அங்கேயே இருந்திருந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார்.

“அடைப்பு ஒடைஞ்சிருந்தா?” என்று அஞ்சலை திரும்பிக் கேட்டாள்.  எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிற்பகலில் மழை தணிந்து, தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பஸ் வழியிலேயே நின்றுவிட்டதால் பாதித் தூரம் நடந்து வந்திருந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்திருந்த ஆட்களோடு போய் நின்றார். இரண்டு இளவட்டங்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மரத்துக்கு நீந்தினார்கள். முனுசாமியைக் கரைக்கு இழுத்து வந்தபோது அவருடைய கை விரல்கள் கிளையைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தன. சாவிக்கொத்து இடுப்பில் இருந்தது.

முழங்கால் பிசகியிருந்தது. நெஞ்சில் சிராய்ப்பு. அன்று தொடங்கிய காய்ச்சல் பல நாள் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என்னிடம் எத்தனை சென்ட் என்று கேட்டார். சொன்னேன். நடுவில் அளந்து கொட்டியதையும் சேர்த்துத்தானா என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றேன். 

“ஓடையத் தாண்டி ஏன் கூட்டியாந்தே, தனம்?”

“வேற வழி தெரியலங்க.”

அவர் தலையை ஆட்டினார். அவருக்கும் வேறு வழி தெரியாது.

மறுநாள் என் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பழுது ஒன்றும் இல்லை. வேப்பிலைச் சருகு புனலின் துளையை அடைத்திருந்தது, அவ்வளவுதான். அவர் அதை விரலால் எடுத்துப் போட்டார். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். ஆளை அழைத்துப் பெட்டியைப் பெயர்த்து, கொல்லையின் நடுவில் தன்னுடையதற்குப் பக்கத்தில் நட்டார்.

எது மேல்?

வீட்டில் மழை அளக்க எதை வாங்கலாம் என்று வாசகர்கள் சிலர் கேட்கிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்ணாடி வைத்து அளக்கிறதை வாங்குங்கள். அது உங்களை ஏமாற்றாது. ஆனால் நீங்கள் போய்ப் பார்க்காதவரை ஒன்றும் சொல்லாது. தானியங்கி நீங்கள் தூங்கும்போதும் எழுதும். தவறையும் அதே அழகான கோட்டில் எழுதும். இரண்டும் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில், மரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். இரண்டும் முரண்படும் நாளில் உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள்.

இதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியாது. மழை எவ்வளவு என்று எனக்கு அன்று சரியாகத் தெரிந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்பதை இரண்டில் எதுவும் சொல்லவில்லை.

முனுசாமியைப் பார்க்கத் தினமும் போனேன். காய்ச்சல் வேகத்தில் அவர் என்னை அடையாளம் காணாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் அவர் மனைவி கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பேச வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அம்மா, அடுத்த மொறையும் வந்து கூப்புடு. வர்றேன், சாவிய விட்டுட்டு வர்றேன்” என்றார். “ஆனா ஓடைப் பக்கம் வேணாம்.”

நடக்க முடிந்ததும் அவர் செய்த முதல் வேலை, கிடங்குக்குப் பின்னாலிருந்த கள்ளி வேலியை வெட்டியது. அங்கிருந்து இரண்டு நிலத்துக்காரர்களிடம் கேட்டு, வரப்பை அகலப்படுத்தி, செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை அடிவாரத்துப் பாறைமேடு வரைக்கும் ஒரு வழி உண்டாக்கினார். என் வீட்டுக்காரர் ஆட்களை அனுப்பிக் கல் போட்டுக் கொடுத்தார்.

மார்கழியில், மேகம் ஒன்றும் இல்லாத ஒரு காலையில், நாங்கள் எல்லாரும் அந்த வழியில் ஒரு தடவை நடந்து பார்த்தோம். அஞ்சலை குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். முனுசாமி கோலை ஊன்றி நொண்டிக்கொண்டே முன்னால் போனார். மேட்டில் ஏறியதும் நின்று, திரும்பி, ஒவ்வொருவராக எண்ணினார்.